இரண்டு வீடு, ஒரே பதினோரு மணி

போன மாதம் நான் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "செய்தி எழுதுறவங்களே பக்கத்துக்குள்ள டெம்ப்ளேட் கோடு போட்டுக்கிட்டா நமக்குப் பாதி வேலை மிச்சம் சார். ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். இந்தத் தளத்தின் மென்பொருளை எழுதியவன் என்ற முறையில் பூட்டியது நான்தான். அதற்கு முன்னால் அகலமாகத் திறந்துவிட்டதும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு புதன்கிழமை இருக்கிறது. நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதியே அனுப்புகிறேன். நேரங்களை என் நாட்குறிப்பைப் பார்த்துத்தான் போடுகிறேன். எதையும் அன்றன்றே குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைய பக்கத்தில் மட்டும் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

நம் செய்தித் தளத்தில் அதிகம் திறக்கப்படுவது அரசியல் பக்கம் அல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் குவைத்திலும் சிங்கப்பூரிலும் கண் விழிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளை. யார் போனார்கள், எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். இதில் மூன்றாவதுதான் அடிக்கடி மாறும். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டும், விமானம் தாமதமாகும், காலை என்றது மாலை ஆகும். அப்போதெல்லாம் ஒரு நேரம் மாறினால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும்: அறிவிப்புக்குள், முகப்பில், அந்த ஊர் இருக்கிற தாலுகாவின் பக்கத்தில், மேலே ஓடுகிற பட்டையில். மூன்றில் திருத்தி ஒன்றை விட்டுவிடுவார்கள். திட்டு எங்களுக்கு வரும்.

அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டவர் ஜெசிந்தா. ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், நேரத்த ஒரு எடத்துல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறுற மாதிரி பண்ண முடியாதா? ஒங்ககிட்ட கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமா இருக்கு."

பண்ணலாம். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் பெயரில் நேரம் ஒரே இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். எழுதுகிறவர்கள் நேரத்தைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, இரட்டை வளைவு அடைப்புக்குறிக்குள் அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு சிறு கோடு, அதாவது கணினிக்கு ஒரு கட்டளை, போட்டால் போதும்; பக்கம் திறக்கும்போது கணினி நேரத்தை எடுத்து அங்கே வைக்கும். இதை எழுதுகிறவர்கள் கையிலேயே கொடுத்தால் அவர்கள் என்னிடம் வந்து நிற்க வேண்டியதில்லை. அரைநாள் பாடம் நடத்தினேன். ஜெசிந்தா பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணப் பத்திரிகையில பேருக்கு எடம் விட்டு அச்சடிச்சு வச்சிருப்பாங்கள்ல, அது மாதிரி. பேரு தானா வந்து ஒக்காந்துக்கும்."

"அதேதான்," என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது. எண் போட்டால் எந்த அறிவிப்பிலிருந்தும் எந்த அறிவிப்பின் விவரத்தையும் எடுக்கலாம் என்று செய்து வைத்திருந்தேன். அப்படி எடுக்க யாருக்குத் தேவை என்று யோசிக்கவில்லை. 'இந்தப் பக்கத்தின் நேரம்' என்று சொல்ல ஒரு சொல்லை உருவாக்க எனக்கு இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தேன்.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது அவர்கள் வேலை செய்யும் விதம். அறிவிப்பு எழுதுகிறவர்கள் யாரும் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. கடைசியாக வந்த அறிவிப்பை நகலெடுத்து, படம், பெயர், ஊர், முகவரி மாற்றுவார்கள். துக்க வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "போட்டாச்சா, போட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு வழியும் கிடையாது. அதில் எழுத்துப்பிழையும் குறையும்; பழகிய வாக்கியம், பழகிய வரிசை. நல்ல முறைதான், நான் கோட்டைக் கொண்டுவந்து நடுவில் வைக்கும் வரை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் கீரமங்கலத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தென்னந்தோப்புக்காரர். மறுநாள் காலை பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள். ஜெசிந்தா போட்டார். மாலை ஆறு மணி வாக்கில் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இன்னொன்று. பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவும் மறுநாள் காலை பதினோரு மணிதான். அதைப் போட்டவர் அறிவழகன். ஃபிளக்ஸ் பேனர் கடையில் எட்டு வருடம் வடிவமைத்துவிட்டு எங்களிடம் வந்தவர், பொறுப்பானவர். வழக்கம்போல் கீரமங்கலம் அறிவிப்பை நகலெடுத்தார். படம் மாற்றினார், பெயர் மாற்றினார், ஊர் மாற்றினார். நேரம் இருந்த இடத்தில் கோடு இருந்தது. முன்னோட்டத்தில் பார்த்தார், காலை 11 மணி. வீட்டார் அனுப்பியதோடு ஒப்பிட்டார். காலை 11 மணி. சரி பார்த்த ஜெசிந்தாவும் ஒப்பிட்டார். சரியாக இருந்தது. வெளியிட்டார்கள்.

அந்த நேரம் ஆவுடையார்கோவிலின் நேரம் இல்லை. கீரமங்கலத்தின் நேரம். இரண்டும் ஒன்றாக இருந்ததால் யார் கண்ணுக்கும் படவில்லை.

புதன் காலை 8.35. கீரமங்கலம் வீட்டார் தொலைபேசியில் அழைத்தார்கள். குவைத் மகனின் விமானம் தாமதம். மாலை நான்கு மணிக்குத்தான் எடுக்கிறோம். ஜெசிந்தா ஒரே இடத்தில் மாற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நாலு மணியா மாத்திட்டேன் சார். ஒரே அமுக்கு. முன்னாடின்னா இந்நேரம் நாலு எடத்துல தேடிக்கிட்டு இருந்திருப்பேன்."

எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

8.50க்கு அலுவலகக் கைபேசி அடித்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு பெண். திருச்சியிலிருந்து பேசினார். ஆவுடையார்கோவில் அறிவிப்பைச் சொன்னார்.

"ராத்திரி பாக்கையில பதினோரு மணின்னு இருந்துச்சு சார். இப்ப நாலு மணின்னு இருக்கு. எது சார் சரி?"

அறிவிப்பிலேயே வீட்டாரின் எண் இருக்கும். அதைச் சொன்னேன்.

"நா அவரு மக சார். சுமதி. வீட்டுக்குத் தெரியாமக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், வேதக்காரங்க வீட்டுல, கிறிஸ்தவங்க. ஒம்பது வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. செத்ததே ஒங்க பக்கத்துலதான் பாத்தேன். அங்க யார்கிட்ட கேக்குறது?"

நான் திரையைப் பார்த்தேன். மாலை 4 மணி என்று இருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் ஜெசிந்தா சொன்னது காதில் இருந்தது. இரண்டு சாட்சி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே சாட்சி.

"நாலு மணிதாம்மா. இப்பத்தான் மாத்துனோம்," என்றேன்.

"நல்லதாப் போச்சு சார். நா நர்சா இருக்கேன். பன்னெண்டு மணி வரைக்கும் டியூட்டி பாத்துட்டுக் கிளம்பிருவேன். தூரத்துல நின்னு மொகத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

வைத்துவிட்டார்.

இளையவர்களே, அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒன்றும் காலையில் ஒன்றுமாக இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறக்க எனக்கு ஐந்து நொடி போதும். திறந்திருந்தால், நேற்று மாலைக்குப் பிறகு அதை யாருமே தொடவில்லை என்று தெரிந்திருக்கும். யாரும் தொடாமல் மாறிய பக்கத்தை நம்பலாமா என்ற கேள்வி அப்போதே வந்திருக்கும். நான் கட்டிய அமைப்பின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அந்த ஐந்து நொடியைத் தின்றுவிட்டது.

9.05. ஜெசிந்தாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஆவுடையார்கோவில் அறிவிப்பக் கேட்டு ஒரு பொண்ணு பேசுச்சு. நாலு மணின்னு சொல்லிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆவுடையார்கோவிலா? நா மாத்துனது கீரமங்கலம் சார்."

அறிவழகனும் எழுந்து வர, மூவரும் ஒரே திரையைப் பார்த்தோம். அறிவழகன் திருத்தும் பக்கத்தைத் திறந்தார். நேரம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. கோட்டுக்குள் கீரமங்கலத்தின் எண்.

"நாந்தான் சார். நேத்து காப்பி பண்ணேன்," என்றார்.

எனக்கு அந்த நிமிடம் தோன்றியது ஒன்றுதான்: எல்லாக் கோட்டையும் அணைத்துவிடுவது. கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. ஜெசிந்தா தடுத்தார்.

"சார், ஆஃப் பண்ணாதீங்க. பண்ணுனா நேரம் இருக்கற எடத்துலல்லாம் அடைப்புக்குறிதான் தெரியும். இன்னைக்கு இன்னும் அஞ்சு வீட்டுல எடுக்குறாங்க. அந்த வீட்டுக்கு வாரவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் சொன்னதுதான் சரி. பதற்றத்தில் பெரிய சுவிட்சைத் தேடாதீர்கள். அதை அணைத்தால் உங்கள் மனம் அமைதியாகும். வெளியே இருக்கிற ஐந்து வீட்டில் விளக்கு போகும்.

அறிவழகன் கோட்டை அழித்துவிட்டு, காலை 11 மணி என்று கையால் அடித்தார். அதன் மேலேயே ஒரு திருத்தம் போடச் சொன்னேன்: காலை 8.35 முதல் 9.10 வரை இங்கே நேரத்தைத் தவறாகக் காட்டிவிட்டோம், பதினோரு மணிதான் சரி, பிழை எங்களுடையது. சத்தமில்லாமல் மாற்றிவிட்டிருந்தால், இரண்டு நேரத்தையும் பார்த்தவர் மறுபடியும் எதை நம்புவார்? பிறகு அறிவழகன் மற்ற ஐந்து அறிவிப்பையும் வீட்டார் அனுப்பிய மூலத்தோடு, கோட்டைத் திறந்து எண்ணைப் பார்த்து, ஒப்பிட உட்கார்ந்தார். நான் சுமதியின் எண்ணை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை.

திருச்சியிலிருந்து அந்த ஊருக்குக் காரில் வந்தாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். அப்போதே கிளம்பினாலும் பதினோரு மணிக்குப் போய்ச் சேர முடியாது.

"வீட்டுக்குப் பேசிக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவமா சார்?" என்றார் ஜெசிந்தா.

"மக வருதுன்னு சொன்னா அதுக்காகவே சீக்கிரம் எடுத்தாலும் எடுத்துருவாங்க. அந்தப் பொண்ணு நம்மகிட்ட சொன்னத அங்க சொல்ல நமக்கு உரிமையும் கெடையாது."

"மகளப் பத்திப் பேச வேணாம். நம்ம தப்ப மட்டும் சொல்றேன்."

அறிவிப்பில் இருந்த எண் இறந்தவரின் தம்பியுடையது. எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு ஜெசிந்தா அழைத்தார். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"ஐயா, நேரத்தத் தப்பாக் காட்டிருச்சுங்க. பதினொன்னுக்குப் பதிலா நாலு மணின்னு. எங்க தப்புத்தாங்க."

"ஏம்மா, எழவு வீட்டுல ஆயிரம் சோலி கெடக்கு. இத இப்பத்தான் சொல்லணுமா? இங்கிட்டு வாரவுகல்லாம் வந்துக்கிட்டுத்தான் இருக்காக."

"வெளியூர்க்காரங்க அதப் பாத்துட்டு லேட்டாக் கிளம்புவாங்கய்யா. அதான் ஒங்க காதுல போட்டுரலாம்னு."

"யாரு கேட்டா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அத நாங்க சொல்லக் கூடாதுங்கய்யா."

பறைச் சத்தம் குறைந்தது. ஆள் நகர்ந்து வந்திருக்க வேண்டும். குரலும் இறங்கியிருந்தது.

"திருச்சியா?"

ஜெசிந்தா மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"புதங்கெழம பன்னெண்டுலேருந்து ஒன்னர வரைக்கும் ராகு காலம். அதுக்கு முந்தி எடுத்துரணும்னு அண்ணன் மகனுக ரெண்டு பேரும் பறக்குறாய்ங்க," என்றார். பிறகு, "சரி, வைம்மா."

அவ்வளவுதான். பொறுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

நான் திருச்சி எண்ணை விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். 9.40க்கு யாரோ எடுத்தார்கள்.

"யாரு சார் நீங்க? லாக்கருக்குள்ள கெடந்து அதிருது. மனுசன் நிம்மதியா ஊசி போட முடியல!"

"சுமதியக் கூப்பிடுங்கம்மா. அவங்க அப்பா விசயம்."

"அவளுக்கு அப்பாவா?" என்றார் அந்தப் பெண். பிறகு ஓடுகிற சத்தம்.

சுமதி வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. பதினோரு மணிதான். ஒடனே கிளம்புங்க."

"நீங்கதானே சார் நாலு மணின்னீங்க?"

"ஆமாம்மா. என் தப்பு."

"இப்பக் கிளம்பிப் போனா இருப்பாரா சார்?"

ஜெசிந்தா பக்கத்தில் நின்று, சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று சொல்லுங்கள் என்பதுபோல் சைகை காட்டினார். நான் சொல்லவில்லை. அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. காலையில் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஒரு முறை சொல்லியாகிவிட்டது; இரண்டாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தெரியலம்மா. கிளம்புங்க."

அன்று பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. கீழே திருக்கோகர்ணம் டவுன் பஸ் வந்து நின்று போனது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மணிக்கு அறிவழகன், "கூப்பிட்டுக் கேக்கட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் அழைத்தால் அது நம் மனம் ஆறுவதற்காக மட்டுமே இருக்கும். பார்த்திருந்தாலும் பார்க்காமல் போயிருந்தாலும், அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணிடம் நமக்குச் சமாதானம் கேட்பது நியாயம் இல்லை.

அறிவழகன் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தார். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "நீங்க எப்பவும் செய்யற மாதிரிதான் செஞ்சீங்க. அப்படிச் செஞ்சாத் தப்பாகுற பொருள ஒங்க கையில கொடுத்தவன் நான்," என்றேன். பிழை அறிக்கையில் என் பெயரைத்தான் எழுதினேன். பெருந்தன்மைக்காக அல்ல. அவர் பெயரை எழுதியிருந்தால், 'கவனமாக இருக்கவும்' என்று ஒரு சுற்றறிக்கையோடு முடிந்திருக்கும். என் பெயர் இருந்ததால் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த பத்து நாளில் மாற்றினேன். அறிவிப்புக்குள் கோடு போடுகிற வசதியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக நேரத்துக்கென்று ஒரு தனிப் பெட்டி. அதில் போடுவது அந்த அறிவிப்புக்கு மட்டும்தான் சொந்தம். நகலெடுத்தால் பெட்டி காலியாகிவிடும். நிரப்பாமல் வெளியிட முடியாது. முகப்பும் பட்டையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஜெசிந்தா முதல் நாள் கேட்டது அவ்வளவுதான். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்றார். நான் அவருக்கு மாவட்டம் முழுவதற்கும் சாவி கொடுத்தேன்.

எழுதுகிறவர்களுக்குக் கோடு புரியாது என்று நீங்கள் நினைத்தால் தவறு. ஜெசிந்தாவுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்த ஒரு பக்கம்தான் தெரியும். அடுத்த பக்கத்தை ஆட்டிவைக்கிற கயிறு அவர் கையில் இருக்கக் கூடாது. இருந்தால், எங்கே போய் எதை இழுக்கிறது என்பதாவது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இன்னொன்று: சோதித்துப் பார்க்கும்போது இரண்டு வேறு வேறு விவரங்களைப் போட்டுச் சோதியுங்கள். இரண்டு வீட்டிலும் ஒரே பதினோரு மணி இருந்தால், சோதித்ததாகக் கணக்கில்லை.

இறந்தவரின் தம்பி பதின்மூன்றாம் நாள் நேரிலேயே வந்தார். பதினாறாம் நாள் கருமாதிக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தார்.

"ஃபோன்ல பேசுன பிள்ள நீதானா?" என்று கேட்டுவிட்டு, குடித்து முடித்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "பதினொன்னேகாலுக்கு, பூப் பத்தாதுன்னு அறந்தாங்கிக்கு ஆளு அனுப்புனேன். பூவு கெடந்துச்சு வேண்டிய மட்டும். அவன் திரும்பி வாரதுக்குள்ள பன்னெண்டு அடிச்சிருச்சு. ராகு காலத்துல எடுக்கக் கூடாதுன்னு நாந்தேன் மொதல்ல சத்தம் போட்டது. மகனுக ரெண்டு பேரும் என்னைய ஏசுனாய்ங்க. பன்னெண்டேகாலுக்குக் கார் வந்து நின்னுச்சு."

"பாத்தாங்களாய்யா?" என்றார் ஜெசிந்தா.

"தெருவோட நிக்கிறேன்னுச்சு. அவுக ஆத்தா எந்திரிச்சுப் போயிக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருச்சு. அதுக்கு மேல எவன் என்ன பேசுறது?"

அறிவழகன் வெற்றுப் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். இறந்தவரின் மனைவி பெயரைச் சொன்னார் பெரியவர். அடுத்து மகன்களின் பெயரை அறிவழகன் கேட்டார்.

"அவனுக பேரு அப்பறம். மொதல்ல மக பேரப் போடுங்க. மூத்தது அதுதான்."

அறிவழகன் சுமதி என்று அடித்தார். "மருமகன் பேருங்கய்யா?"

பெரியவர் விழித்தார். ஒன்பது வருடமாக யாரும் அந்த வீட்டில் உச்சரிக்காத பெயர். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து எண்ணைத் தேடி, காதில் வைத்துக்கொண்டார்.

"ஏத்தா சுமதி, சித்தப்பாதான். ஒன் வீட்டுக்காரரு முழுப் பேரு என்னத்தா? மெதுவாச் சொல்லு, இங்க எழுதுறாக."